9 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு ஃபைபர் படகு

காசிமேட்டில் கரையேற்றி ரெண்டு லாரி டயர் மேல் உட்கார வைத்திருந்த ஒரு ஃபைபர் படகை, எங்கள் தெருப் பையன் ஒருவன் போனில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, அந்தப் படங்களை ஒரு ஆப்பில் போட்டு முப்பரிமாண மாடலாக மாற்றி, அது தண்ணீரில் எப்படிப் போகும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்தான். மெக்கானிக்கல் கடைசி வருஷம், ப்ராஜெக்ட் நேரம். படகு அவன் மாமாவுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

“ண்ணா, பாருங்க, அலையே எழும்பல. அரை மணி நேரத்துல கணக்கும் முடிஞ்சிடுச்சு. படகு செம டிசைன்ணா.”

படம் அழகாகத்தான் இருந்தது. நீலம், பச்சை, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. ஆனால் 9 மீட்டர் நீளப் படகு விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால் அலை எழும்பாமல் இருக்காது, படகுத்துறையில் நின்று வேடிக்கை பார்க்கிற யாருக்கும் அது தெரியும். அரை மணியில் முடிந்தது என்பது இன்னும் பெரிய சந்தேகம்.

“மாடல் நீளம் எவ்வளவுடா காட்டுது?”

“9000.”

“9000 என்ன?”

பையன் வாயைத் திறக்கவில்லை.

ஆப் மில்லிமீட்டரில் கொடுத்தது, அவன் கணக்குப் போட்ட ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள் அதை மீட்டராக எடுத்துக்கொண்டது. அதாவது அவன் ஓட்டியது 9 கிலோமீட்டர் நீளப் படகு. அமரத்தை, அதாவது பின்முனையை, காசிமேட்டில் வைத்தால் அணியம், அதாவது முன்முனை, எர்ணாவூரைத் தாண்டி நிற்கும். அவன் கணக்கில் ஓடிய நேரம் 20 விநாடி, அதில் தண்ணீர் நகர்ந்தது 100 மீட்டர். படகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தண்ணீர் போய்ச் சேரவே 1800 விநாடி வேண்டும். அலை எழும்பாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

வெளியிலிருந்து கொண்டுவரும் மாடலை வைத்துப் பாய்வுக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பயப்படுவது, மென்பொருள் சிவப்பு எழுத்தில் திட்டிவிட்டு நின்றுபோவதற்கு. என்னைக் கேட்டால் நின்றுபோவது நல்ல சகுனம். நிற்காமல் ஓடி, வண்ணப் படம் கொடுத்து, எண்ணும் கொடுக்கிற மாடல்தான் ஆளைக் கவிழ்க்கும். அதைப் புரிந்துகொள்ள அந்த மாடல் எங்கிருந்து, எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பையன் கொண்டுவந்தது எஸ்டிஎல் கோப்பு. இது 1987 வாக்கில், முப்பரிமாண அச்சு இயந்திரத்தை உருவாக்கிய சக் ஹல்லின் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்காக வந்தது. (ஹல் என்றால் ஆங்கிலத்தில் படகின் உடம்பு. பையனுக்கு இதைச் சொன்னபோது சிரித்தான், அப்போதுதான் அவனுக்கு முகமே மாறியது.) எஸ்டிஎல்லுக்குள் இருப்பது முக்கோணங்கள் மட்டும்தான். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று முனைகள், வெளிப்பக்கம் எது என்று காட்டும் ஒரு திசை, அவ்வளவு. பைனரி வடிவில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். அந்த 50 பைட்டில் அலகுக்கு இடமே கிடையாது. மில்லிமீட்டரா, அங்குலமா, மீட்டரா என்று கோப்புக்கே தெரியாது. அச்சு இயந்திரத்துக்கு அது பெரிய குறை இல்லை, மேஜையில் வைக்கிற பொருளை அச்சடிக்கிறவர் அளவு தப்பினால் கண்ணாலேயே பார்த்துவிடுவார். தண்ணீர்க் கணக்கில் கண் உதவாது, ஏனென்றால் திரையில் 9 மில்லிமீட்டர் படகும் 9 கிலோமீட்டர் படகும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

தண்ணீருக்கோ அளவுதான் எல்லாம். படகு எழுப்பும் அலையை முடிவு செய்வது ஃப்ரூட் எண், அதாவது வேகத்தை, புவியீர்ப்பையும் நீளத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்ததால் வகுத்தால் வருவது. 9 மீட்டருக்கு அது 0.53, அலை எழுப்புவதிலேயே எஞ்சின் மூச்சுத் திணறுகிற இடம். 9000 மீட்டருக்கு 0.017, குளத்தில் மிதக்கும் தெர்மாகோல் மாதிரி. தோலை ஒட்டிய உராய்வை முடிவு செய்யும் ரெனால்ட்ஸ் எண்ணும் 4.5 கோடியிலிருந்து 4500 கோடிக்கு ஏறிவிடுகிறது. வில்லியம் ஃப்ரூட் 1870களில் இங்கிலாந்தின் டார்க்கேயில் நீளமான தொட்டி கட்டி, மெழுகில் செய்த சின்னக் கப்பல்களை இழுத்துப் பார்த்தவர். கப்பலைச் சின்னதாக்கினால் வேகத்தையும் எந்தக் கணக்கில் குறைக்க வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கை வேலையே. அவர் கையால் செய்த மாடலில் அளவு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு ஆப் செய்து கொடுக்கிறது.

போன் படங்களிலிருந்து செய்யும் மாடலில் இன்னொரு சங்கடமும் உண்டு. படங்களை மட்டும் வைத்து உருவத்தைக் கட்டலாம், உண்மையான அளவைக் கட்ட முடியாது. தெரிந்த நீளம் ஒன்று படத்துக்குள் இருந்தாக வேண்டும். பையன் அதில் கெட்டிக்காரன், டேப் வைத்து அளந்து கொடுத்திருந்தான். மில்லிமீட்டரில்.

சரி, அளவைச் சரிசெய்வது ஒரு கட்டளை வேலை, 0.001 போட்டுப் பெருக்கினால் முடிந்தது. எந்த மாடலைத் திறந்தாலும் முதலில் நீள அகல உயரத்தைப் பாருங்கள், மற்ற வேலை எல்லாம் அப்புறம். அதோடு எது மேல்பக்கம் என்றும் பாருங்கள். சில மென்பொருள்களில் இசட் அச்சு வானத்தைப் பார்க்கும், விளையாட்டு உலகத்திலிருந்து வரும் மாடல்களில் பெரும்பாலும் ஒய் அச்சு. மாற்றாமல் விட்டால் புவியீர்ப்பு படகைப் பக்கவாட்டில் இழுக்கும்.

அளவு சரியானதும் ஓட்டை தெரிந்தது. ஓட்டை எங்கே என்றால், படகு டயர் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு இடத்திலும், அடிப்பக்கம் நடுவிலும். போனுக்கு அந்த இடம் தெரியவே இல்லை. ஊரெல்லாம் சுற்றிப் படம் எடுத்து, தண்ணீர் தொடுகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தான்.

ஓட்டை ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? பாய்வுக் கணக்கில் மென்பொருள் வெளியை லட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது, அதைத்தான் மெஷ் என்கிறோம். எந்தக் கட்டம் தண்ணீர், எந்தக் கட்டம் படகின் உள்பக்கம் என்று அதற்குத் தெரிய வேண்டும். ஓப்பன்ஃபோமில் ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் என்று ஒரு கருவி, அதற்கு நாம் தண்ணீருக்குள் ஒரு புள்ளியைக் காட்டுகிறோம், அந்தப் புள்ளியிலிருந்து பக்கத்துக் கட்டம், அதற்குப் பக்கத்துக் கட்டம் என்று மாடலின் தோல் குறுக்கே வரும் வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் வியாசர்பாடி வீட்டுக்குள் தண்ணீர் வருகிற மாதிரி, வாசலைப் பலகை வைத்து அடைத்தாலும் எங்கேயோ ஒரு சந்து கிடைத்தால் போதும். முக்கோணத் தோல் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு முக்கோணங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று மட்டும் என்றால் அங்கே ஓட்டை. மூன்று என்றால் உள்ளே தேவையில்லாத சுவர் எதுவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓப்பன்ஃபோமிலேயே சர்ஃபேஸ்செக் என்ற கட்டளை இதைச் சொல்லிவிடும், மெஷ்லேப், பிளெண்டர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகவே காட்டும்.

இதில் பலரைக் குழப்புகிற ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டை கட்டத்தைவிடச் சின்னதாக இருந்தால் தண்ணீர் கசியாது, கருவி அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். கட்டம் 5 சென்டிமீட்டர், ஓட்டை 2 சென்டிமீட்டர் என்றால் மெஷ் ஜோராக வரும். துல்லியம் வேண்டும் என்று கட்டத்தை 1 சென்டிமீட்டர் ஆக்கினால் திடீரென்று படகுக்குள் தண்ணீர் நிற்கும். “நேத்து வேலை செஞ்சுது ண்ணா, எதையும் மாத்தல” என்று ஒருவன் சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மாடல் நேற்றும் ஓட்டைதான், கட்டம் பெரிதாக இருந்ததால் மறைந்து கிடந்தது.

ஓட்டையை அடைப்பது எளிது, மென்பொருளில் ஒரு பொத்தானை அமுக்கினால் அடைத்துவிடும். ஆனால் எப்படி அடைக்கும்? சுற்றியுள்ள விளிம்புகளை இழுத்துத் தட்டையாக ஒட்டுப் போடும். பையனுடைய படகில் அப்படி ஒட்டியதும் அடியில் நீளமாக ஓடுகிற கீல் கட்டையே பாதி காணாமல் போனது. சோதனை எல்லாம் பாஸ், ஒரு ஓட்டை இல்லை, படகு மட்டும் வேறு படகு. கடைசியில் மறுபடி காசிமேட்டுக்குப் போய், மாமாவிடம் சொல்லி டயரை நகர்த்தி, கீலின் உயரத்தையும் அகலத்தையும் அடிக்கு ஒரு இடத்தில் கையால் அளந்து வந்து வரைந்து சேர்த்தான். வெள்ளை ஃபைபர் வெயிலில் பளபளத்ததால் பக்கவாட்டிலும் மேடும் பள்ளமுமாக வந்திருந்தது, அது இந்த வகை ஸ்கேனுக்கு இயல்பு, மினுக்கும் வெற்றுப் பரப்பில் பிடித்துக்கொள்ள அடையாளம் எதுவும் கிடைக்காது. அதை மென்பொருளில் மழுங்கத் தேய்த்துச் சரிசெய்தான்.

தேய்த்ததில் வந்தது அடுத்த வினை. படகின் பின்பக்கம் எஞ்சின் மாட்டுகிற பலகை இருக்கிறதே, அதன் கீழ் விளிம்பு கத்தி மாதிரி கூராக இருக்கும். தண்ணீர் அந்த விளிம்பில் சட்டென்று படகை விட்டுப் பிரிய வேண்டும் என்பதற்காகத்தான் கட்டுகிறவர்கள் அதைக் கூராக விடுகிறார்கள். மென்பொருள் தேய்த்ததில் விளிம்பு உருண்டுவிட்டது. உருண்ட விளிம்பைத் தண்ணீர் விடாமல் சுற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும், பின்பக்கம் கீழே இழுபடும், இழுவை எண், அதாவது தண்ணீர் படகைப் பின்னுக்கு இழுக்கும் அளவு, மாறும். இங்கேயும் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. விளிம்பும் கோணமும் எவ்வளவு செய்யும் என்பதற்குக் கார் உலகத்தில் ஒரு பழைய உதாரணம், 1984இல் அஹமதும் கூட்டாளிகளும் வெளியிட்ட அஹமத் உடல். 1044 மில்லிமீட்டர் நீளத்தில் செங்கல் மாதிரி ஒரு பொருள், பின்னால் ஒரு சாய்வு. சாய்வு 30 டிகிரியை நெருங்க நெருங்க இழுவை ஏறிக்கொண்டே போகும், தாண்டியதும் சடாரென்று விழும். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்தில் பாய்வின் குணமே வேறு. ஸ்கேன் மாடலில் ஒன்றிரண்டு டிகிரி என்பது தூசு.

இப்படிச் சொன்னால் எல்லா நுணுக்கத்தையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும். அதுவும் இல்லை. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்கு, கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னே வைக்கிற நேர அடியும் பாதியாகும் என்பதால் வேலை ஏறக்குறைய 16 மடங்கு. ஓப்பன்ஃபோமோடு வருகிற பயிற்சிகளில் பேர்போனது ஒரு மோட்டார் பைக், மேலே ஆள் உட்கார்ந்திருப்பார், விநாடிக்கு 20 மீட்டர் காற்று அடிக்கும். 1950களிலிருந்து புல்லட் செய்த திருவொற்றியூர்ப் பக்கத்துக்காரனுக்கு அது இயல்பாகவே பிடித்துப்போகும். அந்த மாதிரி பைக்கில் ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் மெஷ்ஷில் கொண்டுவர நினைத்தால் வீட்டு லேப்டாப்பில் பொங்கலுக்குத் தொடங்கி தீபாவளிக்கு முடியும். மரை காற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதே நேரம் ஹெல்மெட்டின் மேல்விளிம்பு காற்று எங்கே பிரிகிறது என்பதை முடிவு செய்கிறது, அதை விட முடியாது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை மாடல் சொல்லாது. காற்று எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்று ஓரளவு முன்கூட்டியே யோசித்தவர்தான் சொல்ல முடியும், இதில் எனக்குத் தெரிந்து குறுக்குவழி இல்லை.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கார், கப்பல் மாடல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்காகச் செய்தவை, ஒரு தகடு இன்னொன்றுக்குள் குத்திக்கொண்டு நிற்கும். கப்பல்தான் வேண்டும் என்றால் ஆராய்ச்சிக்கென்றே டியூஸ்பர்க் பல்கலைக்கழகக்காரர்கள் வெளியிட்ட ஒரு கன்டெய்னர் கப்பல் உடம்பு ஓப்பன்ஃபோம் பயிற்சியிலேயே இருக்கிறது, அதில் கையைப் பழக்கலாம்.

“அப்போ ஸ்டெப் கோப்பு வாங்கிட்டா பிரச்சினை இல்லையா ண்ணா?” என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஸ்டெப் என்பது மாடல்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக 1994இல் முதலில் வந்த ஐஎஸ்ஓ 10303 தரம். அதில் முக்கோணம் இல்லை, உண்மையான வளைவு இருக்கும், அலகும் இருக்கும். அச்சு வேலைக்கு எஸ்டிஎல் என்றால் பட்டறை வேலைக்கு ஸ்டெப். ஆனாலும் ஒரு மென்பொருளுக்கு ஒட்டிக்கொண்ட இரண்டு பரப்பு இன்னொன்றுக்கு நூலிழை இடைவெளியோடு தெரியலாம், ஒவ்வொன்றும் எவ்வளவு இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும் என்பது வேறு வேறு. அதைவிட முக்கியம், ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் போன்ற கருவிக்குக் கொடுக்க அதையும் முக்கோணமாக்கித்தான் ஆக வேண்டும். 1 மீட்டர் ஆரமுள்ள வளைவை வட்டத்துக்கு 36 துண்டாக வெட்டினால் நேர்க்கோடு வளைவிலிருந்து 3.8 மில்லிமீட்டர் விலகி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத விலகல்தான், ஆனால் பையனுடைய படகில் தோலை ஒட்டி நாங்கள் வைத்த முதல் கட்டத்தின் மையம் தோலிலிருந்து சுமார் 0.3 மில்லிமீட்டர் தூரத்தில். அந்தக் கட்டத்துக்கு 3.8 மில்லிமீட்டர் என்பது மலை. வளைவான பரப்பில் அழுத்தப் படம் வரிவரியாக, வெட்டிய வெள்ளரிக்காய் மாதிரி வந்தால் அது தண்ணீரின் குணம் இல்லை, முக்கோணத்தின் குணம்.

ஸ்டெப் கோப்பில் நான் வாங்கிய அடி வேறு வகை. பல வருஷம் முன்னால் ஒரு பட்டறையிலிருந்து வால்வு மாடல் வந்தது, சுத்தமான கோப்பு, ஒரு குறை இல்லை. இறக்கினேன், மெஷ் போட்டேன், ஓடியது. ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் தண்ணீரை ஓட விட்டது வால்வின் வார்ப்பிரும்புக்குள். வால்வை வரைந்தவருக்கு இரும்புதான் பொருள், எனக்கு வேண்டியது இரும்பு இல்லாத இடம். குல்ஃபி அச்சை நினைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்காரர் நமக்குக் கொடுப்பது அச்சை இல்லை, உள்ளே உறைந்ததை. குழாய், வால்வு, பம்ப் என்று எது வந்தாலும் இரண்டு வாயையும் மூடி உள்ளே இருக்கும் குல்ஃபியை எடுக்க வேண்டும்.

ஊரையே மாடலாக இறக்குகிறவர்களுக்கு இன்னொன்று. எண்ணூர், அத்திப்பட்டு புகைபோக்கிகளின் புகை கடல்காற்றில் எங்கள் தெருக்களுக்குள் எப்படி வருகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வடசென்னையில் நிறைய உண்டு, நானும் ஒருவன். அதற்குக் கட்டடங்களின் மாடல் வேண்டும், அது வரைபட மென்பொருளிலிருந்து யூடிஎம் ஆயங்களோடு வரும், அதாவது பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் எண்களோடு. நம் பக்கம் 44ஆவது மண்டலம். திருவொற்றியூரின் வடக்கு ஆயம் சுமார் 14.5 லட்சம் மீட்டர், கிழக்கு ஆயம் சுமார் 4.2 லட்சம். பைனரி எஸ்டிஎல் ஒவ்வொரு எண்ணையும் 4 பைட்டில் வைக்கிறது, அதில் சுமார் ஏழு இலக்கம்தான் நிற்கும். 14.5 லட்சத்துக்குப் பக்கத்தில் அதால் காட்ட முடிந்த மிகச் சின்னப் படி 12.5 சென்டிமீட்டர், கிழக்கில் 3 சென்டிமீட்டர். ஆக, கோப்பைச் சேமித்த அந்த நிமிஷமே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாம் வடக்கு தெற்காக நசுங்கிப்போகும். முக்கோணங்கள் கோடாகிவிடும், மெஷ் கருவி எதற்கோ கத்தும், நாம் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்போம். தீர்வு என்னவோ சுலபம், சேமிக்கும் முன்பே ஒரு தெரு முனையைப் பூஜ்யமாக வைத்து மற்றதிலிருந்து கழித்துவிட வேண்டும்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்று உடம்பைச் சுற்றி மெஷ்ஷை வளைக்காமல், நேரான கட்டங்களுக்குள் உடம்பை அமிழ்த்திவிடும் முறைகளும் இருக்கின்றன. சார்ல்ஸ் பெஸ்கின் 1972இல் இதய வால்வுக்காகத் தொடங்கிவைத்தது அது. லாட்டிஸ் போல்ட்ஸ்மன் வகை மென்பொருள்களும் மாடலைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாக்கி வேலையை முடிக்கும். இவை ஓட்டை உடைசலை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆனால் தோலை ஒட்டிய மெல்லிய படலத்தைப் பிடிக்கக் கட்டங்களை அள்ளிக் கொட்ட வேண்டும். படகின் உராய்வு அந்தப் படலத்தில்தான் இருக்கிறது என்பதால் நாங்கள் பழைய வழியிலேயே போனோம்.

கீலைச் சேர்த்து, விளிம்பைக் கூராக்கி, மேலே திறந்திருந்த வாயைத் தட்டையாக மூடி, 9 மீட்டரில் மறுபடி ஓட்டியபோது லேப்டாப் மூன்று நாள் சூடாகிக்கொண்டிருந்தது. அலை வந்தது. அணியத்தில் பிளந்து, பின்னால் விசிறி மாதிரி விரிந்து, பார்த்தாலே படகு போகிறது என்று நம்பலாம். அடுத்த ஞாயிறு காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது காலிப் படகுடா. கரையில நிக்கிற மாதிரியே தண்ணியிலயும் நிக்குது பாரு. அமரத்துல எஞ்சின் இருக்கு, ஐஸ் பொட்டி இருக்கு, டீசல் கேன் இருக்கு. அணியத்தவிட அமரம் ஒரு சாண் கீழ நிக்கும்.”

டயர் மேல் நேராக நிறுத்தியதை ஸ்கேன் எடுத்தோம், அதே நிலையில் கடலில் இறக்கிவிட்டோம். 9 மீட்டருக்கு ஒரு சாண் என்றால் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. பையன் என்னைப் பார்த்தான், நான் வலையைப் பார்த்தேன்.

“மாமா, ஐஸ் பொட்டி எத்தன கிலோ வரும்?” என்று கேட்டுக்கொண்டே அவன் அங்கேயே மணலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்துவிட்டான்.